கூடைப்பந்தில் தனியெறிவு

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்தது திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் திருக்கோயிலாற் பெயர்பெற்ற அவ்வூரில், சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, இளைஞர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து கூடைப்பந்து ஆடக் கண்டேன். ஆட்டம் முடிய 3 நொடிகளே எஞ்சியிருந்தன. ஓரணி 41 புள்ளியும் மற்றோரணி 40 புள்ளியும் பெற்றிருந்தன. பிற்பட்ட அணியினன் ஒருவன் வளையத்தருகே துள்ளிப் பந்தை எறியுங்கால், எதிரி ஒருவன் அவன் கையிலே அடித்துவிட்டான். பந்து விலகி வீழ்ந்தது. நடுவர் ஊதலை ஊதி, இரண்டு தனியெறிவுகள் அளித்தார். நம் ஆட்டக்காரர் ‘ப்ரீ த்ரோ’ என்று வழங்குவது இதனையே.

முதலெறிவு வளையத்துட் புகுந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆயினும் அப்புள்ளி செல்லாது என்றார் நடுவர். இரண்டாம் எறிவு வளையத்திற் பட்டு வெளியே சிதறியது. அதனை மீண்டும் எறியுமாறு அவர் பணித்தார். புகுந்த பந்துக்குப் புள்ளி இல்லை. புகாத பந்துக்கோ மற்றுமொரு வாய்ப்பு! “இஃதென்ன நியாயம்?” என்று இரு சாராரும் பூசலிட்டனர். நடுவர் செய்தது முற்றும் சரியே. அஃது எங்ஙனம் என்பதை நம் மாணவ நண்பர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இவ்விதியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த 13 விதிகளில் தனியெறிவு என்பதே இல்லை. ஓரணியார், இடையில் எதிரணியார் தவறாதிருக்க, தொடர்ந்து மூன்று தவறுகள் இழைப்பின், எதிரணிக்கு ஒரு கோல் சேரும் என்பதே அன்றைய விதி. இதன் குறை வெளிப்படை. முதலிரண்டு தவறுகளால் இடருற்றவனுக்கு யாதொரு பரிகாரமும் இல்லை. மூன்றாவதற்கோ முழுக்கோலே கிடைத்துவிடும்.

இக்குறையை நீக்கவே 1894ஆம் ஆண்டில் 20 அடித் தொலைவினின்று எறியும் தனியெறிவு வந்தது. மறு ஆண்டே அத்தொலைவு 15 அடியாகக் குறைந்தது. இன்று சர்வதேச விதி கூறும் 4.60 மீட்டரும் ஏறத்தாழ அவ்வளவே. எனினும் நெடுநாள்வரை, குறி தவறாத ஒருவனையே அணியார் தம் எறிவுகளுக்கெல்லாம் நிறுத்தி வந்தனர். 1923-24ஆம் ஆண்டிலேதான், தவறுக்கு உள்ளானவன் எவனோ அவனே எறிதல் வேண்டும் என்னும் விதி பிறந்தது. இம்மாற்றமே தனியெறிவின் உயிர்நிலை என்பது என் கருத்து.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் உறவுண்டு. ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் என்பார், 1920ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் விளங்கும் அக்கல்லூரியிற் பயின்ற ஆசிரியர் பலர், விளையாட்டுக் கல்வியைத் தமிழகத்துப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர்.

இனி விதிகளைக் காண்போம். இழந்தது எவ்வளவோ அவ்வளவே ஈடு என்பது இவற்றின் அடிப்படை. எறியும்போது தவறிழைக்கப்பட்டும் பந்து புகுந்துவிடின், அப்புள்ளிகளோடு ஓர் எறிவு கிடைக்கும். புகாதாயின், இரண்டு புள்ளிக்குரிய இடத்தில் இரண்டு எறிவுகள்; மூன்று புள்ளிக்குரிய இடத்தில் மூன்று. எறியாத ஒருவன்மீது இழைத்த தவற்றுக்குப் பொதுவாகப் பந்து மட்டுமே எல்லைக்கு வெளியினின்று தரப்படும். ஆனால் ஆட்டத்தின் ஒரு காற்பகுதியில் ஓரணியின் தவறுகள் நான்கைக் கடந்துவிடின், அதன்பின் அத்தகைய தவற்றுக்கும் இரண்டு எறிவுகள் உண்டு. விளையாட்டுப் பண்புக்கு முரணான கொடிய தவறாயின், எறிவுகளுக்குப் பின் பந்தும் எதிரணிக்கே உரியது.

எறிபவன் கோட்டின் பின்னே நின்று, நடுவர் பந்தைக் கையிற் கொடுத்த 5 நொடிக்குள் எறிதல் வேண்டும். எறிவதுபோற் பாசாங்கு செய்தலாகாது. பந்து வளையத்தைத் தொடும்வரை, அல்லது அதனுட் புகும்வரை, கோட்டை மிதித்தலும் கூடாது. இவற்றுள் ஒன்றைப் பிழைப்பினும் புள்ளி செல்லாது. இருபக்கத்தும் குறித்த இடங்களில் எதிரணியார் மூவரும் தன் அணியார் இருவரும் நிற்கலாம்; எறிபவன் கையை விட்டுப் பந்து நீங்கும்வரை அவர்கள் இடம்பெயர்தலாகாது. எதிரி முந்திப் புகுந்திருக்க எறிவும் பொய்த்துப்போயின், மாற்றெறிவு ஒன்று அளிக்கப்படும். பந்து புகுந்துவிடின், அப்பிழை பொருட்படுத்தப்படாது. ஏனெனில் அதனால் எவருக்கும் இழப்பில்லை.

இப்போது திருமுல்லைவாயில் ஆட்டத்திற்கு வருவோம். முதலெறிவின்போது பந்து வளையத்தை எட்டுமுன் இளைஞனின் பெருவிரல் கோட்டிற் பட்டுவிட்டது. ஆகவே புள்ளி போயிற்று. இரண்டாம் எறிவின்போது எதிரி ஒருவன் முந்திப் புகுந்தான். ஆகவே மாற்றெறிவு கிடைத்தது. அன்று நடுவரைச் சூழ்ந்துகொண்டு, “கோட்டை மிதிக்கவேயில்லை” என்று அவனுடைய தோழர்கள் வாதித்தனர். பூசல் முற்றும் தருணத்தில் அவ்விளைஞனே முன்வந்து, “இல்லை ஐயா, என் கால் பட்டது உண்மைதான்” என்றான். தோழர் முகங்கள் வாடின. எதிரணியார் வாயடங்கினர். அதன்பின் மாற்றெறிவைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவன் மீண்டும் கோட்டருகே நின்றான். களம் முழுதும் அமைதி. பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. இரு அணியும் 41. கூடுதலாக அளித்த 5 நிமிடத்தில் அவனுடைய அணி தோற்றது. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் எதிரணித் தலைவன் முதலில் கைகுலுக்கச் சென்றது அவனிடமே.

மாணவர்காள்! பிற எறிவுகளில் எதிரி தடுத்தான், தோழன் உதவவில்லை என்று காரணம் கூறலாம். தனியெறிவில் அங்ஙனம் கூற இடமில்லை. தடுப்பார் இல்லை, தொலைவு மாறுவதில்லை, உதவுவாரும் இல்லை. தீங்குற்றவனுக்கு விதி வாய்ப்பைத் தருமேயன்றிப் புள்ளியைத் தருவதில்லை. புள்ளியை அவனே ஈட்டிக்கொள்ளல் வேண்டும். ஆதலின் மாலைதோறும் களத்தை விட்டு நீங்குமுன், உடல் களைத்திருக்கும் அந்நேரத்திலேயே, பத்து எறிவுகளேனும் பழகுக. பழகும்போது காலைக் கோட்டின் பின்னே வைக்கவும் பழகுக. நடுவர் நோக்காத நாளிலும் அக்கோடு அங்கேதான் இருக்கும்.