பன்றிக் காய்ச்சலும் வயதும்

இந்தியாவின் முதல் பன்றிக் காய்ச்சல் நோயாளி 2009 மே மாதம் கண்டறியப்பட்டது நமது ஹைதராபாத்தில்தான். அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வந்த 23 வயது இளைஞர். அவ்வாண்டு உலகெங்கும் குழந்தைகளையும் இளைஞர்களையுமே இந்நோய் அதிகம் பற்றியது. அறுபதைக் கடந்தவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் என்ன?

1918இல் பரவிய ஃப்ளூ வைரஸின் வழிவந்தவை 1957 வரை மக்களிடையே உலவின. அவற்றுடன் போராடியவர்களின் உடலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உருவாயின. புதிய வைரஸுக்கும் அந்தச் சாயல் இருந்ததால், முதியோர் பலருக்கு அவை கைகொடுத்தன. பிள்ளைகளிடம் அந்தச் சேமிப்பு இல்லை.

அவ்வைரஸ் சிறிது சிறிதாக உருமாறி, இன்றும் பருவக் காய்ச்சலாக வருகிறது. ஆகவே பழைய சேமிப்பையே நம்பியிருக்கலாகாது. நோய் பற்றிவிட்டால் முதியோருக்கு ஆபத்து அதிகம். கொண்டாப்பூரில் பிள்ளைகள் வீட்டில் பேரக்குழந்தைகளோடு வாழும் பெரியவர்கள், மருத்துவரைக் கேட்டு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. பேரக்குழந்தைகளுக்கும் போடச் சொல்லுங்கள்.