நம் வீட்டுக்கு நாமே ஒப்பந்தக்காரர்

வீடு கட்ட நினைத்தவுடன் ஒரு காண்டிராக்டரைத் தேடுவது பலருடைய வழக்கம். ஆனால் அரசின் உதவி பெற்றுக் கிராமத்தில் வீடு கட்டும் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. 2016-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் விதிகள், கட்டுமானத்துக்கு ஒப்பந்தக்காரரை அமர்த்துதல் கூடாதென்றே கூறுகின்றன. 2024-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும் தொகை, வீட்டுக்குரியவரின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகச் சேர்க்கப்படுமாறு வகுக்கப்பட்டது. ஆகவே கொத்தனாரை அமர்த்துதல், சாமான் வாங்குதல், கூலி கொடுத்தல், கணக்கு வைத்தல் ஆகிய யாவும் வீட்டுக்காரரின் பொறுப்பாகின்றன.

வத்தலக்குண்டு வட்டாரத்துச் சிற்றூர்களில் சுற்றி வருவோர், லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்ட சுவர்களை ஆங்காங்கே காணலாம். அவ்வீட்டார் சோம்பேறிகளல்லர். ஆசை அளவை மிஞ்சியதே காரணம். கனவு இல்லத்துக்கு விதிக்கப்பட்ட பரப்பு 360 சதுர அடி; அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை; தொகை மூன்றரை இலட்சம் ரூபாய். ஆகச் சதுர அடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 972 ரூபாய். அதே தொகையைக் கொண்டு 500 சதுர அடிக்கு வானம் தோண்டினால் சதுர அடிக்கு 700 ரூபாய்தான் தேறும். மீதிக்குக் கந்துவட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் நிற்க நேரும். வீடு குறையாக நின்றாலும் வட்டி நிற்பதில்லை. கைப்பொருள் உள்ளவர் பெரிதாகக் கட்டுவதை நாம் தடுக்கவில்லை; அப்பொருள் வானம் தோண்டுமுன் கையிலிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். தவணைத் தொகை பெரும்பாலும் ஒரு கட்ட வேலை முடிந்து, மேற்பார்வையாளர் பார்வையிட்ட பின்னரே வரும். ஆதலால் ஒரு கட்டத்துக்குரிய முதலாவது எப்போதும் கையில் சுழன்றுகொண்டிருத்தல் வேண்டும். இதற்கு மகளிர் சுய உதவிக் குழுவின் கடனே ஏற்றது. ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீடு பெண்ணின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ ஒதுக்கப்படுவது பொதுவிதி. கணக்கு நோட்டும் அவ்வம்மையார் கையிலேயே இருந்தால் சில்லறைச் செலவு பாதியாய்க் குறையும் என்பது எம் அபிப்பிராயம்.

கொத்தனாருடன் பேசும்போது நாட்கூலியா, மொத்தக் கூலியா என்பதை முதலிலேயே தீர்மானித்தல் நன்று. மொத்தக் கூலியாயின் கடைக்கால், லிண்டல், கூரை, பூச்சு எனக் கட்டத்துக்கு இவ்வளவென்று தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுக. வேலை முந்தட்டும், கூலி பிந்தட்டும். சென்ட்ரிங் பலகை வாடகை யாரைச் சேர்ந்தது என்பதையும் எழுதாவிட்டால் பின்னர்ச் சண்டை நிச்சயம். வானம் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டவுடன், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வையுங்கள். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால்தான் மூலை சரி.

சிமெண்டு மூட்டைகளைத் தரையிலோ சுவரோரமாகவோ அடுக்காமல் பலகைமேல் வைக்க வேண்டும். காலிப் பைகளை எறியாமல் தினமும் எண்ணி வந்தால் எத்தனை மூட்டை செலவாயிற்று என்பதில் ஐயமிராது. தண்ணீர் விட்டுக் குழைத்த கலவையை அரைமணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். உச்சி வேளையில் இறுகிப்போனதை மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கிளறும் பழக்கத்தை வீட்டுக்காரர் அனுமதித்தல் ஆகாது.

கூரையே செலவின் சிகரம். 300 சதுர அடியை 4 அங்குலக் கனத்தில் வார்த்தால் 100 கன அடி கான்கிரீட் வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் இதற்கு ஏறத்தாழ 23 மூட்டை சிமெண்டு ஆகும். கனம் ஓர் அங்குலம் கூடினால் ஐந்தாறு மூட்டை கூடுதலாகும். பொறியாளர் குறித்த கனத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கலவைத் தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மிகலாகாது. கலவை தண்ணீராக ஓடினால் வேலை எளிதென்று கொத்தனார் கூறுவார். எளிதுதான், ஆனால் கூரை வலுவிழக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் தோண்டினால் குழியில் தண்ணீர் இறைப்பதற்கே கூலி போய்விடும். தையில் தொடங்கினால் வைகாசிக்குள் கூரையை எட்டலாம். ஆடிக் காற்றில் கான்கிரீட் விரைவில் உலர்ந்து வெடிப்பதை நம் வட்டாரத்தார் அறிவர். வார்த்த மறுநாளே, வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல் கூரைமேல் சிறு பாத்திகள் கட்டித் தண்ணீர் தேக்குக. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு, வெயில் காலத்தில் இது 14 நாட்கள் நடைபெற வேண்டும். அந்நாட்கள் முழுவதும் முட்டுகளை அசைக்காதிருப்பதும் நலம். பலகைக்காரர் வாடகையைக் காட்டி அவசரப்படுத்துவார். ஆதலின் 14 நாள் வாடகையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்க. கூரை முடிந்ததும் பணி மேற்பார்வையாளரை அழைத்து அளவெடுக்கச் செய்து, தேதியை நோட்டில் குறித்துவிட்டுப் பூச்சு வேலைக்கு மணல் சொல்லலாம்.