மழலையர் ஆங்கிலம் பயில ஒரு புழுவின் துணை

ஆங்கில வகுப்பென்றாலே சிறார் வாய்மூடிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். பிழைக்கு அஞ்சும் அம்மௌனமே முதற்பகை. 1969இல் அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் படைத்த பசித்த கம்பளிப்புழுவின் கதைநூலை எண்ணிப் பார்ப்போம். திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரு பேரிக்காய்கள் எனப் புழு நாள்தோறும் தின்கிறது. தின்ற கனிதோறும் தாளில் துளை. சிறுவிரல் அத்துளையில் நுழைகையில் கிழமையும் எண்ணும் கனியும் ஆங்கிலத்திலேயே நாவில் வந்தமர்கின்றன. சனிக்கிழமை அளவின்றி உண்ட புழுவுக்கு வயிற்றுவலி! பிள்ளைகளின் முகம் வாடுகிறது. ஆசிரியர் அவ்விடத்தே சற்று நிறுத்தி, புழுவுக்கு ஆறுதல் கூறுமாறு அவர்களைக் கேட்கவேண்டும். (பட்டாம்பூச்சி பிறகு வரட்டும்.) சொல்வது பிழைபட்ட ஆங்கிலமாயினும் அப்பொழுது திருத்தலாகாது. பேரிக்காய் கிட்டாத ஊரில் கொய்யாவை வைத்துக்கொள்வோம். பழைய அட்டையில் துளையிட்டு நூலையும் நாமே செய்துகொள்ளலாம்.