பழைய கைத்தொலைபேசிக்கு எந்த உலாவி?

ஹற்றனுக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கிறோம். அன்ட்ரொய்ட் 9 உள்ள பழைய கைத்தொலைபேசிதான் பாவனையில் இருக்கிறது, சிக்னலும் குறைவு. வங்கி வேலைக்கும் மகளின் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும் எந்த உலாவி நல்லது?

புதிய கைத்தொலைபேசி வாங்கத் தேவையில்லை. இதற்குப் பயர்பொக்ஸ் உலாவியே பொருத்தமானது. பலரும் பாவிக்கும் குரோம், 2025இல் தனது 138ஆம் பதிப்புடன் அன்ட்ரொய்ட் 8, 9 ஆகியவற்றுக்கான புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. அதன் பின்னர் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அந்தக் கைத்தொலைபேசிகளில் அடைபடாமலே இருக்கும் என்பதால், குரோமில் வங்கிக் கடவுச்சொல்லை இடுவது ஆபத்தானது.

மலைமடிப்புகளில் மங்கும் சிக்னலை எந்த உலாவியாலும் வலுப்படுத்த இயலாது. ஆயினும் இறங்கும் தரவின் அளவைக் குறைக்க முடியும். பயர்பொக்ஸில் 'யூபிளொக் ஒரிஜின்' என்னும் நீட்சியை, அதாவது உலாவியுடன் இலவசமாகச் சேர்க்கக்கூடிய துணைக்கருவியைச் சேர்த்தால், விளம்பரங்கள் தடுக்கப்பட்டுப் பக்கங்கள் விரைந்து திறப்பதோடு டேட்டா செலவும் கணிசமாகக் குறையும்.

ஒபெரா மினி இதைவிடவும் சிக்கனமானது. ஆனால் அதன் உச்சச் சேமிப்பு முறையில் பக்கங்கள் முதலில் அந்நிறுவனத்தின் சேவையகத்துக்குச் சென்று, அங்கு சுருக்கப்பட்ட பின்னரே கைத்தொலைபேசிக்கு வருவதால், செய்தி வாசிப்பதற்கு மட்டும் அதைப் பாவிப்பதே முறை. வங்கிப் பக்கம் பயர்பொக்ஸில் சரியாக இயங்காவிடின் அவ்வங்கியின் சொந்தச் செயலியை நாடலாம். பெறுபேறு வெளியான முதல் மணித்தியாலங்களில் பரீட்சைத் திணைக்களத் தளம் திறக்கத் தாமதித்தால், அது பெரும்பாலும் தளத்தில் ஏற்படும் நெரிசலே. உலாவியை மாற்றிப் பயனில்லை, அதிகாலையில் முயல்வது எளிது.