நிழலை விட்டு வெளியேறும் காலம்

திறந்த மூல மென்பொருள் என்றதும் காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள் என்றே எம்மில் பலர் எண்ணுகிறோம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் உண்மையான சிறப்பு. அப்படிப் படித்துத் திருத்தக் கூடுகின்றவர்களையே அந்த மென்பொருளின் சமூகம் என்கிறார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எனக்கு நிரல்களைவிட இந்தச் சமூகங்களே வியப்பூட்டுகின்றன. பெரும்பாலானவை ஏதோ ஒரு நிறுவனத்தின் நிழலில்தான் பிறக்கின்றன. அந்த நிழலை விட்டு வெளியேற ஒரு சமூகம் தயாராகிவிட்டதை எப்படி அறிவது?

இதற்கென்றே ஒரு முறையை வைத்திருக்கிறது அமெரிக்காவின் அப்பாச்சி மென்பொருள் மன்றம். 2002 முதல், அதில் இணைய வரும் திட்டங்கள் ‘இன்கியூபேட்டர்’ எனும் பிரிவில் அடைகாக்கப்படுகின்றன. அனுபவமுள்ள சிலர் வழிகாட்டிகளாக அருகில் இருப்பார்கள். ஆனால் மென்பொருள் எவ்வளவு வேகமானது, எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பன அங்கு முதற் கேள்விகள் அல்ல. உரிமச் சிக்கல்கள் தீர்ந்தனவா? முறைப்படி பதிப்பு வெளியிடத் தெரியுமா? முடிவுகள் எல்லோரும் காணும் இடத்தில் எடுக்கப்படுகின்றனவா? (மஷூரா மூடிய அறைக்குள் நடந்தால் மற்றவர்கள் வெறும் விருந்தாளிகள்தானே!) ஒரு நிறுவனம் தன் ஊழியரை விலக்கிக்கொண்டால் வேலை நின்றுவிடுமா? புதியவர்களைச் சேர்த்து, நிரலை மாற்றும் அதிகாரத்தையும் அவர்களுக்குக் கொடுத்தார்களா?

இவற்றுள் கடைசிக் கேள்வியையே நான் முதலில் வைப்பேன். திறமைசாலிகள் நால்வர் சேர்ந்தால் நல்ல நிரல் எழுதிவிடலாம். முன்பின் முகம் பார்த்திராத ஒருவரிடம், அவருடைய வேலையை மட்டும் நம்பிச் சாவியைக் கொடுப்பதுதான் கடினம். அதைச் செய்யாத குழு எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், தொடங்கியவர்கள் களைத்துப்போகும் நாளில் அதுவும் களைத்துவிடும்.

இத்தகைய சோதனையில் தேறிவிட்டால் மட்டும் போதுமா? ஓபன் ஒஃபிஸ் மென்பொருளை ஒரக்கிள் நிறுவனம் 2011இல் அப்பாச்சியிடம் கையளித்தது. 2012 ஒக்டோபரில் அது இன்கியூபேட்டரை விட்டு வெளியேறித் தனித் திட்டமாயிற்று. அதில் உழைத்தவர்களுள் ஐ.பி.எம். ஊழியர்கள் பலர் இருந்தனர். அவர்கள் விலகிய பின் கைகள் குறைந்தன. 2016இல் திட்டத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே உள்ளுக்குள் எழுந்தது. எனவே தாளில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணுவதைவிட, சம்பளம் நின்ற பிறகும் யார் இருப்பார்கள் என்று கேட்பதே சரியான அளவுகோல் என எனக்குப் படுகிறது.

இதே கேள்வியை எம் நாட்டில் பிறந்த ஒரு மென்பொருளிடமும் கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது என் வயதினர் பிறந்திருக்கவில்லை. காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணம் வழங்கும் அமைப்புகள் ஆகியவற்றின் விபரங்களை ஒழுங்குபடுத்த, இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடி அவசர அவசரமாக எழுதியதே ‘சஹன’. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பேணி வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. பிற நாட்டவரும் நிரல் எழுத வந்து சேர்ந்தனர். 2009இல் அதற்கெனத் தனி மன்றம் அமைந்தது. வளர்த்த கை விலகிக்கொண்டது.

விரைவிலேயே சோதனையும் வந்தது. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியில் பெரும் நிலநடுக்கம். பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் சஹனவை அந்நாட்டுக்காக இயக்கினார்கள். இலங்கையில் எழுதப்பட்ட முதல் நிரல் பி.எச்.பி. மொழியில் அமைந்தது. ஹெய்ட்டிக்காக அவர்கள் இயக்கியதோ, பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட வேறொரு நிரல். பெயரும் நோக்கமும் மட்டும் பழையவை.