மானியத்துல வாங்குன மெஷின்: தேய்மானம் எவ்வளவு?

"சார், மானியம் கிடைக்குது, வேலையை விட்டுட்டு தொழில் தொடங்கட்டுமா?" கோட்டூர்புரம் ஆபீஸுக்கு வந்த ஒரு பழங்குடியின இளைஞர் கேட்ட கேள்வி இது.

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 35% முதலீட்டு மானியம் (அதிகபட்சம் ரூ.1.5 கோடி), கூடவே 6% வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிங்க.

இப்போ கணக்கு. மெஷின் ரூ.20 லட்சம், மானியம் ரூ.7 லட்சம். அந்த 7 லட்சம் உங்க வருமானத்துல சேராது. ஆனா மெஷின் விலையிலிருந்து கழியும். தேய்மானம் மீதி 13 லட்சத்துக்குத்தான்: 15% வீதம் முதல் முழு வருஷத்துல ரூ.1.95 லட்சம். 3 லட்சம்னு போட்டா, லாபம் குறைச்சுக் காட்டினதா ஆகிடும். வரியும் வட்டியும் பின்னாடி வரும்.

அதனால வேலையை விடறதுக்கு முன்னாடி, மானியமே இல்லைன்னு வச்சு ஒரு எக்ஸல் போடுங்க. அப்பவும் தொழில் நிக்குமா? நின்னா, தைரியமா இறங்குங்க!