மயிலுக்கும் ஒரு இடம் கொடுப்போம்

முருகா சரணம்! 

என் சொந்த ஊர் நன்னிலம். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருந்தப்போ குடவாசல் பக்கம் இருக்கிற எண்கண் முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே மயில் மேல் அமர்ந்த கோலம். மொத்தச் சிலையின் பாரத்தையும் மயிலின் இரண்டு கால்களே தாங்குது. பார்க்கப் பார்க்க மனசு நிறைஞ்சது. அன்னைக்கே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு மயில் படமும் போட்டேன்.

மறுநாள் காலையில் மாமா வயலுக்குப் போனேன். சம்பா அறுவடைக்கு முன்னாடி தெளிச்ச உளுந்து அப்பத்தான் முளைச்சு இலை விட்டிருந்தது. அதுல நாலஞ்சு மயில்கள் மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"உனக்கு அது சாமி வாகனம் மாப்ளே. எனக்கு அரை மா உளுந்து போச்சு" என்றார் மாமா. அரிசியில் மருந்து கலந்து வரப்பில் வச்சா சரியாப்போகும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அவரும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தார்.

எனக்கு உடனே பதில் வரல. எனக்கு மாசச் சம்பளம், நஷ்டம் அவருக்கு. படம் போடுறது சுலபம்.

அப்புறம் நிதானமாப் பேசினேன். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கு. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. விஷம் வச்சா மயில் மட்டும் சாகாது. கிளி, மைனா, புறா எல்லாம் அதே அரிசியைத்தான் தின்னும். செத்ததைத் தின்கிற நாய்க்கும் ஆபத்து.

மயில் தானியம், தளிர் மட்டும் தின்கிற பறவையும் இல்லை. பூச்சி, ஓணான், சின்னப் பாம்பு எல்லாம் அதுக்கு இரை. புதர் மறைவில் தரையில் முட்டையிடும். ராத்திரி உயரமான மரத்தில் அடையும். திடல், தோப்பு, ஆற்றங்கரை மூங்கில் எல்லாத்தையும் நாம சுத்தமா அழிச்சுட்டா, அது எங்கே ஒதுங்கும்?

கந்தபுராணக் கதையை நினைச்சுப் பாருங்க. மாமரமாக நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஆனா முருகன் அவனை அழிச்சுடலையே! ஒரு பாதி சேவலாகிக் கொடியில் ஏறியது, இன்னொரு பாதி மயிலாகி வாகனமானது. எதிர்த்து நின்றவனுக்கே இடம் கொடுத்த சாமி அவர். அவரைக் கும்பிடுற நாம, வயிற்றுப் பசிக்கு வந்த பறவைக்கு விஷமா வைக்கிறது?

மாமா மனசு மாறினார். மண்ணில் ஈரம் இருக்கும்போதே இடைவெளியில் மறுபடி உளுந்து தூவினோம். விதைச் செலவு என்னுடையது. கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பது மாதிரி நினைச்சுக்கிட்டேன். வயலைச் சுற்றி மினுங்குற ரிப்பன் கட்டினோம். மயில் அதிகமா மேயுறது காலையும் சாயங்காலமும்தான். அந்த நேரத்தில் முறை வச்சு ஆள் நின்றோம். மயில் வருவது முழுசா நிக்கல, குறைஞ்சது. விளைச்சலில் கொஞ்சம் போனது உண்மைதான். ஆனா ஒரு மயிலும் சாகல.

நம்மால் முடிஞ்சது மூன்று விஷயம்:

🦚 காவடிக்குப் பீலி வாங்கும்போது அடிக்காம்பைப் பாருங்க. ரத்தக்கறை இருந்தா அது பிடுங்கினது. மயில் வருஷாவருஷம் தானா உதிர்க்கும் பீலியே போதும்.

🦚 கோயில் நந்தவனத்திலும் குளக்கரையிலும் கொஞ்சம் புதரையும் பெரிய மரங்களையும் விட்டு வையுங்க.

🦚 உங்க உறவில் விவசாயி இருந்தா, புத்தி மட்டும் சொல்லாதீங்க. அவர் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏத்துக்கோங்க.

தினமும் "வேலும் மயிலும் துணை"னு சொல்றோம். அந்த மயிலுக்கு நாமும் துணையா இருப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏